அமெரிக்காவின் சமூகச் சமையல் நூல்கள்

சமூகச் சமையல் நூல் என்பது ஓர் ஊரையோ, தேவாலயத்தையோ, பள்ளியையோ, மகளிர் சங்கத்தையோ சேர்ந்த பலர் தத்தம் வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கொடுத்து, ஒரு பொதுக்காரியத்துக்குப் பணம் திரட்டுவதற்காக அச்சிட்டு விற்ற நூல் ஆகும். தமிழில் 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஒருவருடைய அனுபவத்தில் பிறந்த நூல். சமூகச் சமையல் நூலுக்கு அப்படித் தனி ஆசிரியர் கிடையாது. பலர் ஆளுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றின் கீழும் அதைக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் வேரூன்றி, ஆயிரக்கணக்கான நூல்கள் வெளிவந்தன.

நூலகங்கள் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் எழுதியவை, மலிவுத்தாளில் அச்சானவை, ஊருக்கு வெளியே விலைபோகாதவை என்று ஒதுக்கப்பட்டன. பரணிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடந்தவற்றைத் தனிமனிதர்கள் சேகரித்து வைத்ததால்தான் அவற்றில் பல இன்று வரலாற்று மாணவர்களின் கைக்கு வந்துள்ளன. ஊராட்சிப் பதிவேட்டிலோ செய்தித்தாளிலோ இடம்பெறாத பெண்களின் அன்றாட வாழ்க்கை இந்நூல்களில் பதிவாகியுள்ளது. ஆனால் யாருடைய பெயர் அச்சேறியது, யாருடையது விடுபட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே இவற்றைப் படிக்க வேண்டும்.

தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. வடக்குப் படையின் காயமுற்ற வீரர்களுக்கு மருந்தும் துணியும் உணவும் அனுப்பச் சுகாதார ஆணையம் என்னும் தொண்டு அமைப்பு செயல்பட்டது. அதற்கு நிதி திரட்டப் பல நகரங்களில் பெரிய சந்தைகள் நடத்தப்பட்டன. 1864 ஜூன் மாதம் பிலடெல்பியாவில் நடந்த சந்தை பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனே அதற்கு வந்திருந்தார். அந்தச் சந்தைக்காக மரியா ஜே. மோஸ் என்பவர் குறிப்புகளோடு செய்யுள் வரிகளும் கலந்து அமைந்த சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். நிதி திரட்டுவதற்காக வெளிவந்த முதல் அமெரிக்கச் சமையல் நூல் என்று வழக்கமாகச் சுட்டப்படுவது இதுவே. அது ஒருவர் தொகுத்த நூல்தான். எனினும், சமையல் புத்தகம் விற்றுப் பொதுக்காரியத்துக்குப் பணம் சேர்க்கலாம் என்ற வழியை அது காட்டிக்கொடுத்தது.

போர் முடிந்ததும் அந்த வழி தேவாலய மகளிர் குழுக்களுக்குப் பயன்பட்டது. கூரை ஒழுகும் தேவாலயம், மருத்துவமனைக்குப் படுக்கைகள், அனாதை இல்லம், ஊர் நூலகம் எனக் காரணங்கள் பலவாக இருந்தன. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. பணம் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தது. தங்களுக்குத் தெரிந்த சமையலை எழுதி, உள்ளூர்க் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி, அச்சகத்துடன் விலை பேசி, வீடு வீடாக விற்றுக் கணக்கு முடிக்கப் பெண்கள் கற்றுக்கொண்டது இந்தப் புத்தகங்கள் வழியாகத்தான். சமையல் குறிப்பைவிட இந்தப் பழக்கமே பெரிய ஆதாயம் என்று சொல்லலாம்.

பதினெட்டு டாலர் கதை

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1901இல் வெளிவந்த நூல் இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களுக்கு உதவ அங்கே ஒரு சேவை இல்லம் இருந்தது. அதில் லிசி பிளாக் காண்டர் என்பவர் சிறுமிகளுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். பலகையில் எழுதிப்போடும் குறிப்பைப் பார்த்து எழுதுவதிலேயே வகுப்பு நேரம் கரைந்தது. அவற்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் நல்லது என்று காண்டர் எண்ணினார். அதற்குத் தேவைப்பட்ட 18 டாலரைத் தர நிர்வாகக் குழுவிலிருந்த ஆண்கள் மறுத்துவிட்டார்கள்.

காண்டரும் தோழியரும் ஊர் வணிகர்களிடம் விளம்பரம் திரட்டி 1,000 படிகள் அச்சிட்டார்கள். அவை விற்றுத் தீர்ந்தன. அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. அந்த வருமானத்திலிருந்து இல்லத்தின் புதிய கட்டிடத்துக்கு இடம் வாங்கப் பணம் கிடைத்தது. பல பதிப்புகளில் ஏறத்தாழ 20 இலட்சம் படிகள் விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். 18 டாலரை மறுத்தவர்கள் பின்னர் என்ன நினைத்தார்களோ!

இந்த நூலின் உள்ளடக்கமும் கவனிக்கத்தக்கது. அடுப்பு மூட்டுவது, பாத்திரம் கழுவுவது, மேசை அமைப்பது ஆகியவற்றுக்கும் பாடங்கள் உள்ளன. யூதர்களின் பாஸ்கா பண்டிகைப் பலகாரங்கள் இருக்கின்றன. யூத உணவு விதிகள் விலக்கும் சிப்பி வகைகளும் அதே நூலில் இருக்கின்றன. கற்பித்த பெண்கள், முந்தைய தலைமுறையிலேயே வந்து நிலைபெற்ற ஜெர்மானிய யூத மரபினர். கற்ற சிறுமிகளோ ரஷ்யா, போலந்து பகுதிகளிலிருந்து புதிதாக வந்த ஏழைக் குடும்பத்தினர். வந்தவர்கள் விரைவில் 'அமெரிக்கர்' ஆகவேண்டும் என்ற முன்னவர்களின் அவசரம் இந்த நூலில் தெரிகிறது. அந்தச் சிறுமிகளின் தாய்மார்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதை இதைக்கொண்டு அறிய முடியாது.

வாக்குரிமையும் சமையலறையும்

1886இல் பாஸ்டனில் ஹேட்டி பர் என்பவர் தொகுத்த பெண் வாக்குரிமைச் சமையல் நூல், வாக்குரிமை இயக்கத்தின் சந்தை ஒன்றுக்காக வெளியிடப்பட்டது. வாக்குரிமை கேட்கும் பெண்கள் வீட்டைக் கவனிக்காதவர்கள் என்று எதிர்ப்பாளர்கள் ஏளனம் செய்த காலம். அதற்கு மேடையில் பதில் சொல்வதோடு நில்லாமல் ரொட்டியாலும் பதில் சொன்னார்கள். மருத்துவர்கள், ஆசிரியர்கள், மதபோதகர்கள், எழுத்தாளர்கள் எனப் பல துறைப் பெண்கள் குறிப்புகள் கொடுத்திருந்தனர். இயக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான லூசி ஸ்டோன் அளித்தது வீட்டிலேயே ஈஸ்ட் தயாரிக்கும் முறை.

1915இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த மற்றொரு வாக்குரிமைச் சமையல் நூல் சற்றுக் குறும்பானது. சந்தேகப்படும் கணவனுக்கான பணியாரம் என்று அதில் ஒரு கேலிக் குறிப்பு இருக்கிறது. போர், குழந்தைத் தொழில், நஞ்சான குடிநீர், கலப்பட உணவு ஆகியவையே அதன் சேர்மானங்கள். அந்த ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த வாக்கெடுப்பில் பெண்கள் தோற்றார்கள். நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத் திருத்தம் 1920இல்தான் வந்தது.

குறிப்புகளைப் படிக்கும் முறை

பழைய குறிப்புகளில் கோழிமுட்டை அளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கோப்பை சர்க்கரை என்றே அளவு இருக்கும். நெல்லிக்காய் அளவு புளி, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் என்று கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. அடுப்பின் சூட்டுக்கும் எண் கிடையாது. மெல்லிய சூடு, நல்ல சூடு என்பதோடு சரி. விறகும் நிலக்கரியும் எரித்த அடுப்பில் கையை உள்ளே நீட்டித்தான் சூடு பார்த்தார்கள். 1896இல் ஃபேனி ஃபார்மர் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளி நூல், தலை தட்டிய கரண்டி, தலை தட்டிய கோப்பை என்ற சீரான அளவைப் பரப்பியது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய அடுப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வந்தன. ஓர் ஊர் நூலில் டிகிரி எண்கள் எப்போது தோன்றுகின்றன என்று பார்த்தால், அந்த ஊரின் அடுப்பு எப்போது மாறியது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பல குறிப்புகளில் பொருட்களின் பட்டியல் மட்டுமே இருக்கும்; செய்முறை இருக்காது. எழுதியவரின் சோம்பல் அல்ல அது. வாங்கப்போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாவு பிசையத் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். அப்படித் தெரியாத தலைமுறை வந்தபோது குறிப்புகள் நீண்டன.

இவற்றை நம்புவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும. எந்த நூலை எடுத்தாலும் கேக், பை, ஊறுகாய் வகைகளே பக்கங்களை நிறைக்கும். இதைக்கொண்டு அமெரிக்கர்கள் நாள்தோறும் கேக் தின்றார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. அன்றாடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் யாரும் குறிப்பு எழுதுவதில்லை. பெயர் போட்டு அச்சாகும் நூலுக்கு விருந்தினர் பாராட்டிய பண்டத்தைத்தான் அனுப்புவார்கள். ஆகவே இந்நூல்களில் இருப்பது ஓர் ஊர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதே.

வரலாற்றின் பெரிய நிகழ்வுகளும் சமையல் குறிப்பில் நுழைகின்றன. முதல் உலகப் போரின்போது 1917இல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகம் அமைக்கப்பட்டு, இறைச்சியில்லா நாள், கோதுமையில்லா நாள் கடைப்பிடிக்கும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சோளமாவு ரொட்டியும், முட்டையும் வெண்ணெயும் சேர்க்காத போர்க்கால கேக்கும் அப்போது நூல்களில் இடம்பிடித்தன. ஜெர்மானியர்மீது வெறுப்பு மூண்டதால், புளிக்கவைத்த முட்டைக்கோசின் ஜெர்மன் பெயரைக்கூட மாற்றி 'விடுதலைக் கோசு' என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் 1942இல் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1947 வரை நீடித்தது. போருக்குப் பின்வந்த நூல்களில் டப்பா சூப்பும் ஜெல்லிப் பொடியும் பெருகின. கம்பெனி அட்டையில் அச்சிட்ட குறிப்பைத் தங்கள் குறிப்பாகவே பெண்கள் அனுப்பினார்கள். பாட்டியின் கைப்பக்குவம் என்று இன்று போற்றப்படும் சில பண்டங்களின் மூலம் தொழிற்சாலைச் சோதனைக்கூடம்தான்.

குடியேறியவர்களின் சுவடும் உண்டு. மினசோட்டாவின் லூத்தரன் தேவாலய நூல்களில் நார்வே நாட்டு உருளைக்கிழங்கு ரொட்டி, டெக்சாசிலும் நெப்ராஸ்காவிலும் செக் மக்களின் பழம் வைத்த பன், மிச்சிகனின் சுரங்கப் பகுதியில் கார்ன்வால் தொழிலாளர் கொண்டுவந்த இறைச்சிக் கொழுக்கட்டை என்று ஊருக்கு ஊர் வேறுபடும். தமிழுக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற கறியும், மிளகுத்தண்ணீர் என்ற பெயர் திரிந்த சூப்பும் அமெரிக்கச் சமையல் நூல்கள் வரை போயிருக்கின்றன.

விளம்பரப் பக்கங்களைச் சிலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். ஆராய்ச்சியாளருக்கு அவை பொன் போன்றவை. மளிகைக் கடை, நிலக்கரி மண்டி, பனிக்கட்டி வியாபாரி, வங்கி, சவப்பெட்டி செய்பவர் என்று ஊரின் கடைத்தெருவே அங்கே நிற்கிறது. இரண்டு இலக்கத் தொலைபேசி எண் இருந்தால் அந்த ஊரில் எத்தனை வீட்டில் தொலைபேசி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பனிக்கட்டி வியாபாரியின் விளம்பரம் மறைந்து குளிர்சாதனப் பெட்டிக் கடை வருவதும் ஒரு செய்தியே.

பெயர்களும் பெயரின்மையும்

பழைய நூல்களில் குறிப்பு கொடுத்தவர் பெரும்பாலும் கணவர் பெயரிலேயே இருப்பார்: திருமதி ஜான் ஸ்மித், திருமதி வில்லியம் பிரௌன் என்பதுபோல. அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் நூலில் எங்குமே இராது. மக்கள்தொகைக் கணக்கு, ஊர் முகவரி ஏடு, கல்லறைக் கல் ஆகியவற்றுடன் ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 1970களுக்குப் பின்வந்த நூல்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே எழுதுவது பரவலாகிறது.

இவர்களுக்காவது கணவர் பெயர் இருந்தது. தென் மாநிலங்களில் உண்மையாகவே சமைத்தவர்கள் கறுப்பினப் பெண்களும் ஆண்களும். அடிமை முறை ஒழிந்த பிறகும் வெள்ளையர் வீட்டு அடுப்படியில் அவர்களே நின்றார்கள். குறிப்பு மட்டும் வீட்டு எசமானியின் பெயரில் அச்சாயிற்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர மகளிர் அமைப்பு 1950இல் வெளியிட்ட நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அதில் அரிசி வகைகள், வெண்டைக்காய் சூப், எள் பிஸ்கட் எல்லாம் உண்டு. வெண்டையும் எள்ளும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு அந்தக் கரைக்கு வந்தவை; அந்த ஊரின் நெல் வயல்களை உருவாக்கியதும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பும் அறிவும்தான். நூலில் அவர்களுடைய கல்லா மொழியில் சிறு பாடல்கள் அலங்காரமாக இடம்பெற்றுள்ளன. குறிப்புகளுக்கு உரியவர்களாக நிற்பவர்கள் வெள்ளையினப் பெண்களே. பேச்சை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்ட இந்த ஏற்பாட்டைப் படிப்பவர் கவனிக்காமல் போகக்கூடாது. இதே நகரத்து வீட்டுச் சமையலை விவரிக்கும் 1930ஆம் ஆண்டு நூல் ஒன்று, பெண் நண்டு சூப்புக்குரிய சமையல்காரர் வில்லியம் டியாஸ் என்று பெயர் சொல்கிறது. அவ்வாறு பெயர் கிடைத்தது அரிது.

இதற்குப் பதில்போல அமைந்தது 1958இல் நீக்ரோ மகளிர் தேசியக் குழு வெளியிட்ட சமையல் நூல். 1935இல் மேரி மெக்லியோட் பெத்யூன் நிறுவிய அமைப்பு அது. சூ பெய்லி தர்மன் தொகுத்த அந்த நூலில், நாட்டின் பல பகுதிகளில் இருந்த கிளைகளின் பெண்கள் குறிப்புகள் அளித்தனர். சூப், ரொட்டி, இனிப்பு என்று பிரிக்காமல் ஆண்டின் நாட்காட்டி வரிசையில் அதை அமைத்தார்கள். அடிமை விடுதலைப் பிரகடன நாள் முதலாகக் கறுப்பின மக்களின் வரலாற்று நாட்களோடு உணவு இணைக்கப்பட்டது. பள்ளிப் பாடநூலில் அவர்களது வரலாறு இல்லாதபோது சமையல் நூலில் அதை எழுதி வைத்தார்கள்.

சேகரித்தவர்கள்

1861 முதல் 1915 வரை வந்த இத்தகைய நூல்களுக்கு மார்கரெட் குக் தயாரித்த நூற்பட்டியல் 1971இல் வெளிவந்தது. அதன் பிறகே இவை எவ்வளவு பரவலானவை என்று கல்வியுலகம் உணரத் தொடங்கியது. மிச்சிகனில் வாழ்ந்த ஜானிஸ் லாங்கோன் பழைய சமையல் நூல்களை விற்கும் கடையைத் தம் வீட்டிலிருந்தே நடத்தியவர். அவரும் கணவரும் பல்லாண்டுகள் சேர்த்த பெருந்தொகுப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது.

லாங்கோனின் கைக்கு வந்தவற்றில் 39 பக்கமுள்ள ஒரு சிறு நூல், சமையல் வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது. அது சமூக நூல் அன்று. ஆனால் சேகரிப்பின் பயனைக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். கறுப்பினப் பெண் எழுதிய முதல் சமையல் நூல், 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆபி ஃபிஷர் வெளியிட்டது என்றே அதுவரை கருதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஃபிஷர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நூல் அது. லாங்கோனிடம் வந்த நூலோ 1866இல் மிச்சிகனின் பாபா என்ற சிற்றூரில் மலிண்டா ரஸ்ஸல் வெளியிட்டது. அடிமையாக அல்லாமல் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்த ரஸ்ஸல், டென்னசியில் பலகாரக் கடை நடத்தியவர், கணவரை இழந்தவர், ஊனமுற்ற மகனை வளர்த்தவர். போர்க்காலத்தில் கொள்ளையர் அவருடைய சேமிப்பைப் பறித்துக்கொள்ள, வடக்கே தப்பி வந்தார். ஊர் திரும்பப் பணம் சேர்க்கவே அந்த நூலை அச்சிட்டதாக முன்னுரையில் தெரிவிக்கிறார். தமக்குச் சமையல் கற்பித்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். நேர்த்தியான கேக், பலகாரக் குறிப்புகளே அதில் மிகுதி. கறுப்பினச் சமையல் என்றால் தோட்டத்து ஏழை உணவு மட்டுமே என்ற எண்ணம் இந்த ஒரு நூலால் ஆட்டம் கண்டது. 2007இல் அதன் நகற்பதிப்பு வெளிவந்தது.

பத்திரிகையாளரான டோனி டிப்டன்-மார்ட்டின் கறுப்பினத்தவர் எழுதிய சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தார். 150க்கும் மேற்பட்ட நூல்களை அறிமுகம் செய்யும் அவரது 'ஜெமிமா கோடு' 2015இல் வெளியானது.

சேகரிப்பாளர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், பல நூல்களில் ஆண்டு இல்லாமை. அப்போது துணைக்கு வருபவை விளம்பரத்திலுள்ள தொலைபேசி எண், தேவாலயப் போதகரின் பெயர், மாவுப்பொடியின் வணிகப் பெயர் போன்றவை. கட்டமைப்பும் உதவும்: தையல் போட்ட அட்டை பழையது, சீப்புப் பல் போன்ற பிளாஸ்டிக் கட்டு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. அக்காலத்தில் இவற்றை மட்டுமே அச்சிடும் நிறுவனங்கள் தோன்றி, ஒரே அச்சுப் படங்களையும் ஒரே வீட்டுக் குறிப்புகளையும் எல்லா ஊர்களுக்கும் கொடுத்தன. அதனால் பிந்திய நூல்களில் ஊரின் முகம் சற்று மங்கித் தெரியும்.

வணிகருக்குக் கறையில்லாத படிதான் விலை உயர்ந்தது. வரலாற்று மாணவருக்கு வெண்ணெய்க் கறை படிந்த பக்கமே வேண்டும். அந்த வீட்டில் எது உண்மையில் சமைக்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓரத்தில் சர்க்கரையைக் குறைக்கும்படி பென்சிலால் எழுதியிருக்கும். இடையில் செய்தித்தாள் நறுக்கு, கடைச் சீட்டு, இன்னொருவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு செருகியிருக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பல நூல்கள் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன; மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 76 பழைய அமெரிக்கச் சமையல் நூல்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. ஆனால் மின்வடிவாக்கத்துக்குப் பெரும்பாலும் சுத்தமான படியையே தேர்ந்தெடுப்பார்கள். செருகிய தாள்கள் எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்துக்கொள்ளாமல் எடுத்துவிட்டால் அந்தச் செய்தி மீண்டும் கிடைக்காது. எனவே பழைய படி ஒன்று கிடைக்கும்போது, தூசி தட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருந்தபடியே படமெடுத்துவிடுவது சேகரிப்பாளர்களுக்கு நல்லது.